பகிர்ந்தால் பிழைக்கும் விதை

அழகுப் பாம் செடிகள் பங்களாக்களுக்கும் ஹோட்டல்களுக்குமே உரியவை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியல்ல, சகோதரிகளே. மடகஸ்கார் தீவிலிருந்து வந்த அரிக்கா பாம், ஸ்பிரிங்வெளியில் எங்கள் லயன் வாசலிலும் வளர்கிறது.

இதன் விதையை நெல்லைப் போல உலர்த்திச் சேமிக்க முடியாது. காய்ந்தால் முளைக்கும் சக்தி போய்விடும். எனவே மரத்தில் பழுத்தவுடன் விதைக்க வேண்டும். மிஞ்சியதை உடனே பிறருக்குக் கொடுக்க வேண்டும்.

இதன் அருமையை என் சின்னம்மாவின் வாழ்க்கையில் கண்டேன். 1977 கலவரத்தின் பின் மலைநாட்டை விட்டுச் சென்ற பல குடும்பங்களைப் போல, அவரும் கிளிநொச்சியில் குடியேறினார். 2002இல் ஏ-9 பாதை திறந்ததும் எங்களைப் பார்க்க வந்தார். ஈரத்துணியில் சுற்றிய ஒரு பிடி பாம் விதையும் கொண்டு வந்தார். யுத்தத்தின் இறுதியில் இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, 2010இல் ஊர் திரும்பியபோது வீட்டுக்குக் கூரையில்லை, தோட்டமும் அழிந்திருந்தது. ஆனால் அவர் தந்த விதை இங்கே மரமாகி நின்றது. அது காய்த்ததும் விதையை அவருக்கே அனுப்பினோம். இன்று அவர் நாற்று விற்றுக் கைச்செலவைச் சமாளிக்கிறார்.

வளர்க்கும் முறை எளிது. பச்சை நிறம் மாறிப் பழுத்த காய்களைப் பறித்து, சதையை நீக்கிக் கழுவுங்கள். ஒரு நாள் நீரில் ஊற வையுங்கள். தும்புத்தூளும் மணலும் கலந்து, விதை மூடும் அளவுக்கு மட்டும் புதையுங்கள். ஈரம் வேண்டும், நீர் தேங்கக்கூடாது. பனங்கிழங்குப் பாத்தி போட்ட வடபகுதிச் சகோதரிகளுக்கு இது புதிதல்ல. வெப்பமான இடங்களில் ஓரிரு மாதங்களில் முளைக்கும். எங்கள் மலைக்குளிரில் இன்னும் பொறுக்க வேண்டும். இளநாற்றுக்குக் கடும் வெயில் ஆகாது. கித்துள் விதை எடுப்பவர்கள் கையுறை அணியுங்கள். அதன் பழச்சதை கடுமையாக அரிக்கும்.

சொந்த நிலம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பழைய வாளியின் அடியில் துளையிட்டால் அதுவே தொட்டி. இடம் மாற நேர்ந்தால் கூடவே தூக்கிச் செல்லலாம். ஆனால் ஒரு பிடி விதையையாவது அயலவருக்குக் கொடுத்து வையுங்கள். நம் வாசலில் அழிந்தாலும் அது இன்னொருத்தி வாசலில் வாழும்.