முழு இழப்பு

சென்னை – திருப்பதி நெடுஞ்சாலை திருத்தணி வழியே செல்கிறது. முருகன் குடிகொண்ட குன்றும் ஆந்திர எல்லையும் அருகருகே அமைந்திருப்பதால், இரு மாநிலப் பதிவெண் கொண்ட ஊர்திகளும் இங்கு இடைவிடாது வந்து செல்கின்றன. இத்தகைய சாலையில் மோதிச் சிதைந்த மகிழுந்தைப் பழுதுபார்ப்பதா, 'முழு இழப்பு' என்று விட்டுவிடுவதா என்பதை ஒரு கணக்கே முடிவு செய்கிறது. அக்கணக்கின் முதல் எண், காப்பீடு செய்த நாளிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

காப்பீடு செய்பவர் அறிவிக்கும் மதிப்பு என்பதே அவ்வெண், வழக்கில் 'ஐ.டி.வி.' என்பர். உற்பத்தியாளரின் விற்பனை விலையிலிருந்து ஊர்தியின் வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்து அது கணக்கிடப்படும். முதல் ஆறு மாதங்களுக்கு 5 விழுக்காடு எனத் தொடங்கும் தேய்மானம், ஐந்தாம் ஆண்டில் 50 விழுக்காட்டை எட்டும். ஒப்பந்தக் காலத்தில் விபத்து எந்நாளில் நேர்ந்தாலும் முழு இழப்புக்கு இம்மதிப்பே அடிப்படையாகும்.

விபத்துக்குப்பின், உரிமம் பெற்ற இழப்பு மதிப்பீட்டாளர் ஊர்தியைப் பார்வையிடுகிறார். பழுதுபார்க்கும் செலவுடன் மீட்புச் செலவையும் அவர் சேர்க்கிறார். மலைப்பாதைச் சரிவில் உருண்ட ஊர்தியைப் பாரந்தூக்கி கொண்டு மேலேற்றுவதற்கே பெருந்தொகை ஆகலாம். இம்மொத்தச் செலவு அறிவித்த மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது முழு இழப்பாகக் கொள்ளப்படும் என்பது 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் காப்பீட்டுக் கட்டண விதிகளில் இடம்பெற்ற வரம்பு.

எட்டு இலட்சம் ரூபாய் விலையுள்ள மகிழுந்து மூன்றரை ஆண்டுகள் ஓடியிருப்பதாகக் கொள்வோம். 40 விழுக்காடு கழிய, அதன் மதிப்பு 4,80,000 ரூபாய், வரம்பு 3,60,000. செலவு 3,50,000 என்றால் ஊர்தி பழுதுபார்க்கப்படும். கட்டணத்தைக் குறைக்க விரும்பி உரிமையாளர் மதிப்பை 4,20,000 என அறிவித்திருந்தாலோ, வரம்பு 3,15,000 ஆகிவிடும். அதே சிதைவு இப்போது முழு இழப்பு! சில நூறு ரூபாய்ச் சிக்கனம் ஓடக்கூடிய ஊர்தியையே பறித்துவிடுகிறது. வங்கிக் கடன் இருப்பின் இழப்பீடு முதலில் வங்கிக்கே செல்லும். நிலுவை அதைவிட மிகுதியாயின், இல்லாத ஊர்திக்குத் தவணை கட்ட நேரும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் பெற்றவர்க்கோ சொந்த ஊர்தியின் சேதத்திற்கு எதுவும் கிடைக்காது.

பணம் பெற்றதும் பலர் பதிவுச் சான்றை மறந்துவிடுகின்றனர். சிதைந்த ஊர்தியின் சான்றும் அடிச்சட்ட எண்ணும் திருட்டு ஊர்திக்குப் போலி அடையாளமாக மாறக்கூடும். நிலையாகப் பயன்படாத நிலையை அடைந்த ஊர்தி குறித்து உரிமையாளர் பதினான்கு நாள்களுக்குள், அல்லது இயன்ற விரைவில், தம் பகுதிப் பதிவு அலுவலரிடம் தெரிவித்துச் சான்றை ஒப்படைக்க வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆவது பிரிவு. ஆந்திராவில் பதிவான ஊர்தியைத் திருத்தணியில் வசிப்பவர் வைத்திருந்தாலும் அவர் எல்லை தாண்ட வேண்டியதில்லை. இங்குள்ள அலுவலரே சான்றை முதலில் பதிவு செய்த அலுவலகத்திற்கு அனுப்பிவைப்பார், பதிவு அங்கே நீக்கப்படும்.