‘9,000 லூமன்ஸ்’னு போட்டிருந்துச்சே... படம் ஏன் மங்கலா தெரியுது? பட்ஜெட் புரொஜெக்டர் வாங்கும் முன் ஒரு செக் லிஸ்ட்!

இரவு 7.30 மணி மேட்ச். நண்பன் வீட்டு ஹாலில் ஏழு பேர் ஆஜர். 8,000 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கிய புது புரொஜெக்டருக்குத் திறப்பு விழா. ஆனால், முதல் ஓவரிலேயே சோதனை. டியூப்லைட் எரிந்தால் மஞ்சள் ஜெர்சி எது, நீல ஜெர்சி எதுன்னே தெரியலை. அணைத்தால், “இருட்டுல எப்படிடா சமைக்கிறது?” என்று கிச்சனிலிருந்து அம்மாவின் குரல். பாக்ஸிலோ கொட்டை எழுத்தில் ‘9,000 லூமன்ஸ்’!

புரொஜெக்டரில் கோளாறு இல்லை. பாக்ஸில் இருந்த நம்பரை நம்பியதுதான் கோளாறு.

எந்த லூமன்ஸ்?

வெறும் ‘லூமன்ஸ்’ என்று எந்த நம்பரையும் போட்டுக்கொள்ளலாம். நீங்கள் தேட வேண்டியது ‘ஆன்ஸி லூமன்ஸ்’. திரையில் விழும் வெள்ளை வெளிச்சத்தை 9 இடங்களில் அளந்து, சராசரி எடுத்துச் சொல்லும் கணக்கு இது. விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் இது சில நூறுகளைத் தாண்டாது. நல்ல இருட்டில் 70 இன்ச் படத்துக்கு 200 ஆன்ஸி போதும். லைட் எரியும் ஹாலுக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும். அது இந்த பட்ஜெட்டில் வராது.

இன்னொன்று, புரொஜெக்டரால் கறுப்பு நிறத்தைக் காட்டவே முடியாது. வெளிச்சம் விழாத இடம்தான் கறுப்பு. அங்கே டியூப்லைட் வெளிச்சம் விழுந்தால், கறுப்பெல்லாம் சாம்பல்தான்!

‘4கே சப்போர்ட்’ என்றால்?

4கே வீடியோவை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். காட்டுவது ‘நேட்டிவ் ரெசல்யூஷன்’ எவ்வளவோ அந்த அளவில்தான். அந்த இடத்தில் 1920 x 1080 என்று இருந்தால் நல்லது. 1280 x 720 இருந்தால் சமாளிக்கலாம். அதற்கும் கீழே என்றால், சப்டைட்டில் படிக்கவே கண் வலிக்கும்.

டேப் எடுங்க பாஸ்!

‘த்ரோ ரேஷியோ’ 1.3 என்றால், படத்தின் அகலத்தைப்போல 1.3 மடங்கு தூரத்தில் புரொஜெக்டர் இருக்க வேண்டும். 100 இன்ச் படத்தின் அகலம் சுமார் 7.3 அடி. அப்போ தூரம் ஒன்பதரை அடி. 80 இன்ச்சுக்கு ஏழரை அடி. உங்கள் ரூம் 10 அடி என்றால் 100 இன்ச் ஆசை கஷ்டம்தான்.

படம் பெரிதானால் வெளிச்சமும் பரவிவிடும். 60 இன்ச்சை 120 ஆக்கினால் பரப்பு நாலு மடங்கு; பிரகாசம் கால்வாசி. புரொஜெக்டரைச் சுவருக்கு நேராக வையுங்கள். சாய்வாக வைத்து ‘கீஸ்டோன்’ மூலம் நிமிர்த்தினால் படத்தின் துல்லியம் குறையும்.

ஓ.டி.டி வருமா?

போனை மிரர் செய்தால் யூடியூப் வரும். பல ஓ.டி.டி ஆப்களில் சத்தம் மட்டும் வரும், படம் வராது. காப்புரிமைப் பாதுகாப்புதான் காரணம். ஹெச்.டி.எம்.ஐ போர்ட்டில் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் செருகுவதே எளிய வழி. அந்தச் செலவையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். புளூடூத் ஸ்பீக்கரில் உதட்டசைவும் வசனமும் ஒட்டவில்லையா? ஆக்ஸ் வயர் போடுங்கள்.

சுவரா, ஸ்க்ரீனா?

வாடகை வீட்டில் ஆணி அடிக்க முடியாதவர்களுக்கு, வழுவழுப்பான வெள்ளைச் சுவரே போதும். கலர் சுவர் என்றால் படத்திலும் அந்த கலர் ஏறும்.

வந்த அன்னிக்கே...

ரீஃபண்ட் உண்டா, ரீப்ளேஸ்மென்ட் மட்டுமா என்று ஆர்டர் போடும் முன்பே பாருங்கள். பார்சல் வந்த ராத்திரியே இரண்டு மணி நேரம் ஓட விடுங்கள். நாலு மூலையிலும் எழுத்து தெளிவாகத் தெரிகிறதா, ஃபேன் சத்தம் வசனத்தை அமுக்குகிறதா என்று கவனியுங்கள். காற்று போகும் துளைகளை மூடாதீர்கள். குட்டீஸ் லென்ஸுக்குள் எட்டிப் பார்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நண்பன் என்ன ஆனான்? புரொஜெக்டரை பெட்ரூமுக்கு மாற்றினான். ஜன்னலுக்குத் தடிமனான ஸ்க்ரீன் துணி, 70 இன்ச் படம். அடுத்த மேட்ச் பளிச்! டிவிக்குப் பதிலாக வாங்கினால் ஏமாற்றம். ராத்திரி சினிமாவுக்கு வாங்கினால் கொண்டாட்டம். முடிவு உங்கள் ரூம் கையில்!