கணிப்பொறியும் இரு திரைகளும்

இரண்டு தாள்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய ஒருவர் யாது செய்வார்? அவற்றை மேசைமேல் அருகருகே விரித்து வைப்பார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலதைத் தூக்கிக் கீழதைப் பார்ப்பதும், மீண்டும் மூடி மேலதைப் பார்ப்பதுமாகக் காலம் போக்கமாட்டார். ஆயினும், ஒரே திரையுள்ள கணிப்பொறியில் பணிபுரிவோர் பலர் இவ்வாறே செய்து வருகின்றனர். கணக்கேடு ஒரு சாளரத்தில் இருக்கும். பற்றுச்சீட்டு மற்றொரு சாளரத்தில் இருக்கும். ஒன்று மற்றொன்றை மறைக்கும். பார்த்த எண்ணை மனத்தில் சுமந்துகொண்டு அடுத்த சாளரத்திற்குச் செல்வதற்குள், 4738 என்பது 4378 ஆகிவிடுவதும் உண்டு. இவ்விடரை நீக்கவே, ஒரு கணிப்பொறியுடன் மானிட்டர் எனப்படும் காட்சித்திரைகள் இரண்டு மூன்றை இணைக்கும் வழக்கம் பரவியது.

இவ்வழக்கம் மிகப் புதியதன்று. 1987-ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மாக்கின்டாஷ் 2 என்னும் கணிப்பொறியிலேயே பல திரைகளை ஒரே பரப்பாக ஆளும் வசதி இருந்தது. 1998-இல் வெளிவந்த விண்டோஸ் 98 அதனைப் பெருந்திரளான மக்களிடம் கொண்டுசேர்த்தது. அதில் ஒன்பது திரைகள் வரை இணைக்க இயலும். அந்நாளைய திரைகள் பருத்த கண்ணாடிக் குழாய்களால் ஆனவை. அவற்றுள் இரண்டை வைத்தாலே மேசை நிறைந்துவிடும். ஒன்பதைத் தாங்கும் மேசை எத்தனை பேரிடம் இருந்திருக்கும்?

இனி, இத்திரைகள் ஒன்றுபட்டு இயங்குமாற்றைக் காண்போம். கணிப்பொறிக்குக் கண் இல்லை. தன்னுடன் எத்தனை திரைகள் இணைந்துள்ளன, ஒவ்வொன்றிலும் எத்தனை ஒளிப்புள்ளிகள் உள்ளன என்பவற்றை அது கம்பியின் வழியே அறியும். ஆனால், மேசைமேல் எத்திரை இடப்புறம் உள்ளது, எத்திரை வலப்புறம் உள்ளது என்பதை அஃது அறியாது. ஆதலின், அது தனக்குள் ஒரு பெரிய தளத்தைக் கற்பித்துக்கொண்டு, அத்தளத்தில் திரைகளைத் தானே ஒரு வரிசையில் அமைத்துக்கொள்கிறது. கணக்குப் பாடத்தில் வரைபடத் தாளில் நீங்கள் புள்ளிகளைக் குறித்திருப்பீர்கள். இத்தளமும் அதனை ஒத்ததே. விண்டோஸ் முறையில் முதன்மைத் திரையின் இடப்பக்க மேல்மூலையே தொடக்கம். அதற்குரிய எண்கள் 0, 0. அத்திரை குறுக்கே 1920 புள்ளிகள் உடையதாயின், 0 முதல் 1919 வரையுள்ள எண்கள் அதற்கு உரியவை. அதன் வலப்புறத்தை ஒட்டிய திரை 1920-இல் தொடங்கும். இடப்புறத்துத் திரைக்கோ குறை எண்களே உரியவை. வரைபடத் தாளில் மேலே செல்லச் செல்ல எண் மிகும். இங்கோ கீழே செல்லச் செல்ல மிகும். இஃது ஒன்றே வேறுபாடு.

மேசையும் இத்தளமும் ஒத்திராவிடின் என்ன நேரும்? இரண்டாம் திரையை நாம் மேசையின் இடப்புறம் வைத்திருக்கிறோம். கணிப்பொறியோ அதனை வலப்புறத்ததாகக் கொண்டிருக்கிறது என்க. சுட்டியை இடப்புறம் நகர்த்தினால், அது சுவரில் முட்டினாற்போல நின்றுவிடும். வலப்புறம் நகர்த்தினால், முதல் திரையின் வல ஓரத்தில் மறைந்து, இடப்பக்கத் திரையின் இட ஓரத்தில் தோன்றும். பொறி பழுதுபட்டதோ எனப் பலர் அஞ்சுவர். பழுது ஒன்றும் இல்லை. 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' என்னும் பகுதியைத் திறந்தால், 1, 2 என எண்ணிட்ட கட்டங்கள் காணப்படும். அங்குள்ள 'ஐடென்டிஃபை' என்னும் பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு திரையிலும் அதன் எண் தோன்றும். பின்னர், மேசையில் திரைகள் உள்ளவாறே கட்டங்களை இழுத்து வைத்தல் வேண்டும்.

இடவலம் சரியாயினும் மற்றொரு சிக்கல் எழுவதுண்டு. 24 அங்குலத் திரை ஒன்று நெடுக்கே 1080 புள்ளிகள் உடையது. அருகிலுள்ள 27 அங்குலத் திரையோ 2160 புள்ளிகள் உடையது எனக் கொள்வோம். நம் கண்ணுக்கு இவற்றின் உயரம் ஏறத்தாழ ஒன்றே. கணிப்பொறிக்கோ ஒன்று மற்றொன்றினும் இருமடங்கு உயரமானது. ஆதலின், பெரிய திரையின் ஓரத்தில் பாதி வாயிலாகவும் பாதி சுவராகவும் அமைந்துவிடும். சுவர்ப்பகுதியில் செல்லும் சுட்டி அங்கேயே தடைப்பட்டு நிற்கும். சுட்டி இத்தடையைக் கடத்தற்கு விண்டோஸ் 11-இல் ஓர் ஏற்பாடு உண்டு. இனி, எழுத்தின் அளவைக் காண்க. முதல் திரையில் ஓர் அங்குலத்திற்கு ஏறத்தாழ 92 புள்ளிகள்; இரண்டாவதில் 163. அதனால், ஒரே எண்ணிக்கையுள்ள புள்ளிகளால் வரையப்பட்ட எழுத்து இரண்டாம் திரையில் பாதியளவினும் சற்றே பெரியதாகத்தான் தோன்றும். முதல் திரைக்கு 100 விழுக்காடு, இரண்டாவதற்கு 150 விழுக்காடு என உருப்பெருக்கத்தைத் தனித்தனியே அமைத்தால் இக்குறை பெரிதும் நீங்கும். திரைதோறும் இதனைத் தனியே அமைக்கும் முறை விண்டோஸில் 2013-இல், 8.1 என்னும் பதிப்புடன் வந்தது.

திரைகளை வைக்கும் இடமும் கருதத்தக்கது. ஒன்றையே மிகுதியாகப் பயன்படுத்துவோர் அதனை முகத்திற்கு நேராகவும், மற்றதைப் பக்கத்தில் சற்றே சாய்வாகவும் வைத்தல் நலம். இரண்டையும் ஒப்பப் பயன்படுத்துவோர், அவை கூடும் இடம் தமக்கு நேரே அமையுமாறு வைப்பர். மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுத் தாழவோ இருக்கலாம். நாள் முழுதும் ஒரு பக்கமே திரும்பியிருக்கும் கழுத்து மாலையில் நோகும். இரண்டாம் திரையில் கிரிக்கெட்டை ஓடவிட்டு, முதல் திரையில் பாடம் எழுதுவாரும் உளர். அவர்க்கு ஒரு திரையே மிகை.

அவையில் பேசுவோர் சுவரில் படம் வீழ்த்தும் புரொஜெக்டரும் கணிப்பொறிக்கு ஒரு திரையே ஆகும். விண்டோஸ் விசையுடன் 'பி' விசையை அழுத்தினால், அதனை எவ்வாறு பயன்படுத்துவது என்று பொறி வினவும். 'டூப்ளிகேட்' என்பதைத் தேர்ந்தால், நம் திரையில் உள்ளதே அங்கும் தோன்றும். அவ்வேளையில் நம் சொந்தக் கடிதம் ஒன்றைத் திறந்தால், அவையோர் அனைவரும் அதனைப் படிப்பர். 'எக்ஸ்டெண்ட்' என்பதைத் தேர்ந்தால், அது தனிப் பரப்பாகும். நாம் அங்கே நகர்த்தி வைத்ததே அவையோர்க்குப் புலப்படும். பேசத் தொடங்குமுன் இதனைப் பார்த்துக்கொள்ளாதவர் நாணி நின்றதுண்டு.

சில வேளைகளில் ஒரு சாளரம் காணாமற் போகும். கம்பியைக் கழற்றினால், பெரும்பாலும் பொறி அதனை உணர்ந்து, சாளரங்களை எஞ்சிய திரைக்குக் கொணர்ந்துவிடும். திரையின் மின்விசையை மட்டும் அணைத்தாலோ, சில திரைகளைப் பொறுத்தவரை அஃது உணர்வதில்லை. சாளரம் இருண்ட திரையில், தனக்குரிய எண்களிலேயே நின்றுகொண்டிருக்கும். எழுதியது அழிந்ததென்று பொறியை நிறுத்திவிடுதல் கூடாது. சேமியாதது அப்போதுதான் உண்மையாகவே அழியும். 'ஆல்ட்', 'டேப்' என்னும் விசைகளால் அச்சாளரத்தைத் தேர்ந்து, விண்டோஸ் விசை, 'ஷிஃப்ட்' விசை, இடப்புற அம்புவிசை மூன்றையும் சேர்த்து அழுத்தினால், அது நம் கண்முன் உள்ள திரைக்கு வந்து சேரும்.