எட்டும் எட்டும் பதினாறா?

கைபேசிக் கடைப் பதாகைகளில் ‘8+8 ஜிபி ரேம்’ என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். முதல் எட்டு உண்மையான ரேம். கூட்டல் குறிக்குப் பின்னால் வருவது, படமும் பாட்டும் சேமிக்கும் இடத்திலிருந்து ஒதுக்கியது. ஆண்ட்ராய்டின் அடியில் ஓடும் லினக்ஸ் கெர்னலில் இந்த ஏற்பாட்டுக்கு ஸ்வாப் என்று பெயர். அதை ரேம் என்று விற்பது நியாயமில்லை. ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 100 நானோ விநாடி ஆகும். நல்ல எஸ்எஸ்டியில் பல நூறு மடங்கு, சுழலும் ஹார்டு டிஸ்க்கில் லட்சம் மடங்குவரை ஆகும்.

இதைக் கேட்டதும் தங்கள் லினக்ஸ் கணினியில் ஸ்வாப்பை அடியோடு அணைத்துவிடுகிறவர்கள் உண்டு. அதுவும் தவறு.

ரேமை கெர்னல் 4 கேபி பக்கங்களாகப் பிரித்து ஆள்கிறது. சில பக்கங்களுக்கு டிஸ்க்கில் ஏற்கெனவே பிரதி இருக்கும்: நிரலின் குறிமுறை, படித்த கோப்புகள். உலாவியில் பாதி நிரப்பிய படிவம் போன்றவற்றுக்கு வேறெங்கும் பிரதி கிடையாது. சமையல் மேடையில் இடம் போதாவிட்டால் உப்புப் பொட்டலத்தைத் தூக்கிப் போடலாம், தெருமுனைக் கடையில் மறுபடி கிடைக்கும். பாட்டி போட்ட மாவடு ஜாடியைப் பரணில்தான் ஏற்ற வேண்டும். பரணில்லாத வீட்டில், மாதக்கணக்கில் யாரும் தொடாத ஜாடி மேடையை அடைத்துக்கொண்டிருக்கும். உப்பு போகும், தீப்பெட்டி போகும், கடைசியில் கரண்டியும் போகும். ஒவ்வொரு தாளிப்புக்கும் கடைக்கு ஓட்டம்தான். ஸ்வாப் இல்லாத கணினியில் ரேம் நிறைந்தால் மவுஸ்கூட நகராமல் உறைவது இப்படித்தான். ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் குறிமுறையையே கெர்னல் எறிந்துவிட்டு, அடுத்த கணம் அதையே டிஸ்க்கிலிருந்து படிக்கிறது.

ஜாடி பரணேறிய சேதி நிரலுக்குத் தெரியவே தெரியாது. அதில்தான் அழகு இருக்கிறது. 64 பிட் கணினியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் அட்டவணையில் 64 பிட் பதிவு ஒன்று உண்டு. பக்கம் ரேமில் இருந்தால் அதன் முகவரி அங்கே இருக்கும். கடைசி பிட் 1. பக்கம் வெளியேறியதும் கெர்னல் அந்த பிட்டை 0 ஆக்குகிறது. இன்டெல் விதிப்படி, அது 0 என்றால் மீதி 63 பிட்டுகளை ப்ராசஸர் ஏறெடுத்தும் பார்க்காது. அந்த இடத்தில்தான், பக்கம் எந்த ஸ்வாப்பில் எத்தனையாவது கட்டத்தில் கிடக்கிறது என்று கெர்னல் குறித்து வைக்கிறது! பிறகு நிரல் அந்த முகவரியைத் தொட்டால் ப்ராசஸர் கெர்னலிடம் முறையிடும். கெர்னல் குறிப்பைப் பார்த்துப் பக்கத்தைக் கொண்டுவந்து, பிட்டை 1 ஆக்கி, நின்றுபோன அதே கட்டளையை மறுபடி ஓடவிடும்.

இந்த யோசனைக்கு வயது அறுபதுக்கு மேல். 1962இல் மான்செஸ்டரில் டாம் கில்பர்ன் குழுவின் அட்லஸ் கணினி, காந்த உருளையை இப்படித்தான் பயன்படுத்தியது.

அமைப்பது எளிது. கோப்பு ஒன்றை உருவாக்கி, ரூட் மட்டும் படிக்கும்படி 600 அனுமதி தர வேண்டும். நினைவகத்திலிருந்து இறங்கும் பக்கத்தில் கடவுச்சொல்லும் இருக்கலாம். ‘எம்கேஸ்வாப்’ கட்டளை அந்தக் கோப்பின் முதல் பக்கத்தின் கடைசிப் பத்து பைட்டில் ‘ஸ்வாப்ஸ்பேஸ்2’ என்று முத்திரை குத்தும். ‘ஸ்வாப்ஆன்’ அதை இயக்கும். எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் மறுதொடக்கத்திலும் நிலைக்கும்.

ரேமைப்போல் இரு மடங்கு ஸ்வாப் வேண்டும் என்பது ரேம் மெகாபைட்டில் இருந்த காலத்துக் கணக்கு. இன்று 2 முதல் 4 ஜிபி பலருக்குப் போதும். ரேமை ஸ்வாப்பில் எழுதிவிட்டுக் கணினியை அணைக்கும் ஹைபர்னேட் வசதியைப் பயன்படுத்துகிறவர்கள் ரேம் அளவுக்கு வைக்கலாம். கெர்னலின் ‘ஸ்வாப்பினெஸ்’ என்ற அமைப்பு வழக்கமாக 60 என்றிருக்கும். ரேம் 60 சதவீதம் நிறைந்ததும் ஸ்வாப் தொடங்கும் என்று பலர் எழுதுவது பிழை. அது உப்பை எறிவதா, ஜாடியை ஏற்றுவதா என்பதற்கான சாய்வு மட்டுமே. 2020இல் வந்த ஃபெடோரா 33 டிஸ்க்கை விட்டுவிட்டு, ரேமுக்குள்ளேயே பக்கங்களைச் சுருக்கி வைக்கும் ஸீரேமை இயல்பாக்கியது. பழைய மடிக்கணினிக்கு அதைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம்.

ஸ்வாப்பில் அரை ஜிபி நிறைந்திருப்பதைக் கண்டு பதற வேண்டாம். ‘விஎம்ஸ்டாட் 1’ என்று அடித்து ஸ்வாப்பிலிருந்து வருவதையும் அதற்குப் போவதையும் காட்டும் எஸ்ஐ, எஸ்ஓ பத்திகளைப் பார்க்க வேண்டும். இரண்டும் பெரும்பாலும் பூஜ்யமாக இருந்தால் குறையொன்றும் இல்லை. விநாடிதோறும் ஆயிரக்கணக்கில் ஓடினால், ஸ்வாப்பைப் பெருக்கிப் பயனில்லை. இன்னொரு ரேம் வாங்கிப் போட வேண்டியதுதான்.