நாளுக்கு ஒரு நிறம்

சோழபுரம், ராஜபாளையம் வட்டாரத்தில் நூலுக்குப் பஞ்சமில்லை. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யும் கட்டுத்துணி ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. ஆனால் தறித்துணி வேறு, கைப்பின்னல் வேறு. தறியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். குரோஷா ஊசிக்கு ஒரே இழை போதும். ஒரு கண்ணிக்குள் கொக்கியை விட்டு நூலை இழுத்தால் அடுத்த கண்ணி பிறக்கும். வளைவுகளாலேயே ஆன துணி என்பதால் இழுத்தால் நெகிழும், உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

இந்தப் பின்னலில் நாட்குறிப்பு எழுதுகிறவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். சந்தோஷத்துக்கு ஒன்று, கோபத்துக்கு ஒன்று, அலுப்புக்கு ஒன்று என்று நிறங்களை முதலிலேயே வைத்துக்கொள்வார்கள். ராத்திரி உட்கார்ந்து, அன்றைய மனநிலைக்கான நூலில் நாலு செயின் போட்டு வளையமாக்கி, சுற்றிலும் மும்மூன்று தையலாகக் கொத்துப் போட்டு, மூலைக்கு இரண்டு கொத்து வைத்தால் ஒரு கட்டம் முடிந்தது. வருஷக் கடைசியில் கட்டங்களைச் சேர்த்துத் தைத்தால் போர்வை. மடியில் விரித்தால் எந்த மாதம் பாடாய்ப்படுத்தியது என்று தெரிந்துவிடும். பல கைகள் கூடினால் போர்வை எவ்வளவு பெரிதாகும் என்பதற்குச் சென்னையே சாட்சி. மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழுவினர் 2016 ஜனவரியில் 11,148.5 சதுர மீட்டர் போர்வையை விரித்துக் கின்னஸில் இடம்பிடித்தார்கள்.

நிறம் மனநிலையைக் காட்டும் சரி, மாற்றுமா? எந்த நிறம் எந்த உணர்வை நினைவூட்டுகிறது என்று 30 நாடுகளில் 4,598 பேரிடம் கேட்ட ஆய்வு 2020இல் வந்தது. கறுப்பு சோகத்தோடும், சிவப்பு காதலோடும் கோபத்தோடும் சேர்ந்தே பலருக்கும் தோன்றியிருக்கிறது. 55 நாடுகளை எடுத்துக்கொண்ட இன்னொரு ஆய்வில், மழை அதிகமான, பூமத்திய ரேகைக்குத் தொலைவான ஊர்களில்தான் மஞ்சள் அதிகம் பேருக்கு மகிழ்ச்சி நிறம். வெயிலுக்கு ஏங்குகிறவர்களுக்கு அது சூரியன். சித்திரை வெயிலில் வேகிற நமக்கு மஞ்சளின் மதிப்பு தாலிக்கயிற்றிலும் மங்கலத்திலும் இருக்கிறது.

ஆனால் நினைப்பு வேறு, விளைவு வேறு. 1979இல் அமெரிக்காவின் சியாட்டில் கடற்படைச் சிறையில் அறைக்கு இளஞ்சிவப்புப் பூசினார்கள், கைதிகள் அடங்குவார்கள் என்று. பின்னாளில் சுவிட்சர்லாந்துச் சிறையில் முறையாகச் சோதித்தபோது அந்தப் பலன் தெரியவில்லை.

என் கணிப்பில், மனப்பாரத்தை இறக்கி வைப்பது நிறமல்ல, கையின் வேலைதான். நிட்டிங் ஊசிகளால் பின்னுகிற 3,545 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பு 2013இல் வெளியானது. அடிக்கடி பின்னுகிறவர்களே கூடுதல் அமைதியும் சந்தோஷமும் சொன்னார்கள். விரும்பிப் பின்னுகிறவர்கள் தாங்களே சொன்னது என்பதால் இது முடிந்த முடிவு ஆகாது. ஆனாலும் ஒரே அசைவு, எண்ணிக்கை, கண்முன்னே வளரும் துணி மூன்றும் சேரும்போது கவலை கொஞ்சம் ஒதுங்குவதை நான் நம்புகிறேன். பள்ளிகளில் தையல் டீச்சர் சொல்லிக்கொடுத்த குரோஷாவை நாம் கைவிட்டிருக்கக் கூடாது.

தொடங்க நினைப்பவர்களுக்கு: ஃபேன்சி ஸ்டோரில் ‘உல்லன்’ என்று கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக், நம் புழுக்கத்துக்குப் பருத்தி நூலே சுகம். ஐந்தாறு நிறம் தாராளம். சாயத் தொட்டி மாறினால் அதே நிறமும் சாயல் மாறும் என்பதால், வருஷத்துக்கு வேண்டியதை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள்.