யாருக்கு வந்த 'இன்ஸ்பிரேஷன்'?

திருகோணமலைத் துறைமுகத்தில் பிரிட்டிஷ் கடற்படை 1957 வரை இருந்தது. கப்பல்கள் போய்விட்டன, ஆங்கிலம் நம் வீடுகளில் தங்கிவிட்டது. "உம்மா, 'இன்ஸ்பயர்' என்றால் தமிழில் என்ன?" என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்?

இலத்தீனில் அதற்கு 'உள்ளே ஊதுதல்' என்று பொருள். தமிழிலோ ஒரே சொல் எங்கும் பொருந்தாது. ஆசிரியை மாணவிக்குத் தருவது ஊக்கம். கவிஞருக்குப் பிறப்பது அகத்தூண்டுதல்.

குர்ஆனை ஆங்கிலத்தில் படிக்கும்போது இன்னும் கவனம் தேவை. தேனீ பற்றிய 16:68 வசனத்திலும், மூஸா நபியின் தாயார் பற்றிய 28:7 வசனத்திலும் மூலத்தில் உள்ளது 'வஹீ'யின் வினைச்சொல்லே. ஆங்கிலத்தில் இரண்டும் பெரும்பாலும் 'இன்ஸ்பயர்' ஆகின்றன. தமிழில் தேனீக்கு இயல்புணர்வு, தாயாருக்கு உள்ளுதிப்பு. அங்கும் 'வஹீ' என்றே எழுதினால், அத்தாயாரும் நபியென்று பிள்ளை எண்ணிவிடும்.

சகோதரிகளே, அகராதியைப் புரட்டுமுன் அது யாருக்கு வந்தது என்று பாருங்கள். பாதி மொழிபெயர்ப்பு அங்கேயே முடிந்துவிடும்.