வாழைப்பழ நேரம்

வேலையிடத்துச் சிரிப்பைப் பற்றிய ஆய்வுகளில், அமெரிக்கச் சமூகவியலாளர் டொனால்ட் ராய் 1959-60இல் வெளியிட்ட ‘வாழைப்பழ நேரம்’ கட்டுரைக்குத் தனி இடம் உண்டு. தொழிற்சாலை ஒன்றில் தாமே தொழிலாளியாகச் சேர்ந்து, நாளெல்லாம் ஒரே இயந்திரத்தை இயக்கியபடி அவர் இதைக் கவனித்தார். ஒருவர் தமக்கென்று கொண்டுவரும் வாழைப்பழத்தை இன்னொருவர் தினமும் எடுத்து, ‘வாழைப்பழ நேரம்!’ என்று கூவிக்கொண்டே தின்றுவிடுவார். பறிகொடுத்தவர் சத்தம் போடுவார். மறுநாளும் பழத்தோடு வருவார். நகர மறுத்த பொழுதை இத்தகைய விளையாட்டுகளே நகர்த்தின. ஆனால் சக தொழிலாளி ஒருவரின் சம்பந்தியைப் பற்றி ராய் கட்டிவிட்ட கேலிக்கதை எல்லை மீறிவிட்டது. புண்பட்டவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். கூட்டத்தின் கலகலப்பு அடங்கிய அந்த நாட்களில், மறந்திருந்த களைப்பு ராயை மீண்டும் பிடித்துக்கொண்டது.